இடம் தாராளம்

அவள் கதவைத் திறந்தாள். ஆய்வகத்தைக் காணோம்.

சுவர் இருந்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர். நடுவில் ஒரு மேசை, நீல விரிப்பு, பூச்சாடி. மூலைக்கு ஒன்றாகக் குரோட்டன்ஸ் தொட்டி.

அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் வரை இந்த அறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். உப்பளத்து மண்ணில் பிழைத்துக் கிடக்கும் நுண்ணுயிர்களை ஆராய்கிறவள் அவள். ஆறு மாணவர்கள், இரண்டு ஸ்டூல். ஒருவன் நுண்ணோக்கியில் குனிந்தால் இன்னொருவன் எழுந்து வெளியே போக வேண்டும்.

ஒன்பது வருடமாகப் புது ஆய்வகக் கட்டடம் கேட்கிறாள். இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. இந்தத் தடவைதான், நிதி கொடுக்கலாமா என்று நேரிலேயே பார்க்கச் சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. வரட்டும், கண்ணால் பார்க்கட்டும் என்றிருந்தாள். ஒரு காகிதத்தைக்கூட நகர்த்தக் கூடாது என்று மாணவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு.

மாணவர்கள் நகர்த்தவில்லைதான்.

"எப்படி மேடம் இருக்கு?"

பின்னால் தவசிமுத்து. பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். முகமெல்லாம் பூரிப்பு, சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

"சாமானெல்லாம் எங்கே?"

"கமிட்டி வாராங்கல்லா மேடம். அந்தக் குப்பையப் போயி காட்ட முடியுமா? பத்திரமா ஒதுக்கியாச்சு. காலையில அஞ்சு மணிக்கே ஆள விட்டுட்டேன்."

குப்பையாம். இந்த மனிதரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? யார் வந்தாலும் இங்கே இப்படித்தான். வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. வருகிறாரா, வெள்ளையடி.

"எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாங்க. இப்பவே."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

முதலில் இளநீர் வந்தது. பிறகு நன்னாரி சர்பத். பிறகு மோர். பிறகு காபி. குழுத் தலைவர் வயதானவர், நல்ல மனிதர், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். தவசிமுத்து நீட்டிய எல்லாவற்றையும் குடித்தார்.

அறைக்குள் வந்ததும் அவர்களுடைய செருப்புச் சத்தம் எதிரொலித்தது.

"இடம் தாராளமா இருக்கேம்மா" என்றார் தலைவர். "இன்னும் எதுக்கு?"

அவள் சுவரைக் காட்டி, இங்கேதான் குளிர்பெட்டி இருந்தது என்றாள்.

மூவரும் சுவரைப் பார்த்தார்கள்.

இந்த மூலையில் இரண்டு மாணவர்கள் உட்காருவார்கள் என்றாள்.

குரோட்டன்ஸைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள், கொஞ்சம் கவலையாக.

ஓர் உறுப்பினர் படிவத்தில் எழுதினார். எதிர்ப்பக்கம் நின்றே அவள் படித்துவிட்டாள். 'போதுமான இடம் உள்ளது.'

போச்சு. ஒன்பது வருடமும் போச்சு.

தலைவர் வாசலுக்கு வந்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தாள். அவரோ சுற்றுமுற்றும் பார்த்தார். இளநீர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. நடையின் கோடியில் 'ஆண்கள்' என்ற பலகை தெரிந்தது. விறுவிறுவென்று நடந்தார்.

தவசிமுத்து பின்னாலேயே ஓடினார்.

"சார், அது வேண்டாம் சார். ரிப்பேரு சார்."

கேட்கிற நிலையில் அவர் இல்லை.

கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளே என்னவோ சரிந்து விழுந்தது.

கைகழுவும் தொட்டிக்குள் நுண்ணோக்கி. கழிப்பறைப் பீங்கான்மேல் பலகை போட்டு, அதன்மேல் தராசு. கீசர் பிளக்கில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கூரைவரை அட்டைப்பெட்டிகள். கால் வைக்க இடமில்லை.

தலைவர் வாசலிலேயே நின்றார். கால் மாற்றி நின்றார்.

"இதெல்லாம்..."

"அந்த ரூம்ல இருந்தது சார். மொத்தமும்" என்றாள், பின்னாலேயே வந்திருந்த அவள்.

அவர் அவளையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எதற்காகக் கலங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"வேற எங்கம்மா இருக்கு?"

வேறு ஒன்று நிர்வாகக் கட்டடத்தில் இருந்தது. அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் பத்தடிகூடத் தாங்காது.

அவள் யோசிக்கவில்லை. எதிரே இருந்த பெண்கள் கழிவறைக்குள் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. அவரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கதவுக்கு முதுகைக் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றாள். மற்ற இரண்டு உறுப்பினர்களும் மரியாதையாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவசிமுத்துவை எங்கும் காணவில்லை.

உள்ளே வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு.

பிறகு குரல் வந்தது. நன்றாக இளகிப்போன குரல்.

"ஏம்மா, எத்தனை தளம் கேட்டிருக்கீங்க?"

விண்ணப்பத்தில் ஒன்று என்றுதான் எழுதியிருந்தாள்.

"ரெண்டு சார்" என்றாள்.