இரண்டு கார்னர்கள்

களத்தில் மிஞ்சியிருந்தது இரண்டே பேர். வலது கார்னரில் ரெனிட்டா, இடது கார்னரில் இந்து. மற்ற ஐந்து பேரும் அவுட்டாகிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

மதுரைக் கல்லூரியின் ரைடர் கபடி கபடி என்று பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். நெட்டையானவள். காலை வீசினால் பாதிக் களத்தை எட்டிவிடுவாள்.

ரெனிட்டா ஓரக்கண்ணால் பந்தலைப் பார்த்தாள்.

முதல் வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். சென்னையில் புதிதாகத் தொடங்கும் பெண்கள் லீக் அணிக்கு ஆள் எடுக்க வந்தவர். லீக்கில் பெயர் வந்துவிட்டால் பிறகு போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை தேடி வரும். காலையிலேயே கோச் சொல்லிவிட்டார், அவர்களுக்குத் தேவை ஓரத்தில் நின்று பிடிக்கும் ஒரே ஒரு கார்னர் ஆட்டக்காரி என்று.

சொன்னதும் எல்லோரும் இந்துவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெனிட்டா காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அணிக்கு முதலில் வந்தவள் அவள்தான். இந்து ஒரு வருஷம் கழித்து மம்சாபுரத்திலிருந்து வந்தவள். கணுக்காலை எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு தோளை எங்கே வைப்பது என்று காட்டிக்கொடுத்ததே ரெனிட்டாதான். இன்றைக்கு மைக்கில் பேசுகிறவர்கூட இருவரையும் எடைபோடுகிறார். ரெனிட்டா வேகம், இந்து பூட்டு என்கிறார். வேகத்துக்குக் கொஞ்சம் கைதட்டல். பூட்டு என்றால் விசில் பறக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் கல்லூரிக்குத் தினமும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில்தான் இருவரும் வருவார்கள். ஜன்னலோரத்தை இந்து எப்போதும் இவளுக்கே விட்டுவிடுவாள். கொஞ்ச நாளாக அதுகூட ரெனிட்டாவுக்கு எரிச்சலாக இருந்தது.

ரைடர் இந்துவின் பக்கம் சாய்ந்தாள். கால் நீண்டது. இந்து பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள்.

இப்போது ரெனிட்டா ஓடிப்போய் ரைடரின் இடுப்பில் விழ வேண்டும். இத்தனை நாளும் யோசிக்காமல் செய்துவந்த காரியம்.

அவள் அசையவில்லை.

இழுத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தாள். அந்தப் பூட்டு உடைவதை அந்த அம்மாவும் பார்க்கட்டும்.

ரைடர் இழுத்தாள். வயிறு தரையில் உரச, இந்து கூடவே போனாள். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது பிடித்த காலை விடாமல் அப்படியே உருண்டாள். ரைடர் குப்புற விழுந்தாள். பாட்டு நின்றது.

நடுவர் விசில் ஊதினார்.

பந்தலே எழுந்துவிட்டது. மைக்கில் பேசியவருக்குக் குரல் கம்மிப்போனது. அந்த அம்மா பக்கத்திலிருந்தவர் பக்கம் குனிந்து என்னமோ கேட்டார். இந்துவின் பெயராகத்தான் இருக்கும்.

ரெனிட்டாவும் கைதட்டினாள். தான் போய் விழுந்திருந்தால் அது இருவர் பிடித்த பிடி. போகாததால் அது இந்துவின் பிடி ஆகிவிட்டது.

ரைடரைப் பிடித்ததற்காக வெளியே இருந்தவர்களில் யோகேஸ்வரி மட்டும் களத்துக்குள் திரும்பினாள். உடனே ரைடு போய் அவளும் மாட்டிக்கொண்டாள். மறுபடியும் இவர்கள் இருவர்தான். எதிரே மறுபடியும் அந்த நெட்டை ரைடர்தான்.

இந்தத் தடவை அவள் ரெனிட்டாவின் பக்கம் வந்தாள்.

ரெனிட்டா அதற்குத்தான் காத்திருந்தாள். கால் ஊன்றிய நொடியில் விழுந்து பிடித்தாள். சுத்தமான பிடி. இந்து வந்து மேலே விழுந்தால் ஆட்டம் கைக்கு வந்துவிடும்.

இந்து வரவில்லை.

ரெனிட்டா தலையைத் திருப்பிப் பார்த்தாள். நாலடி தள்ளி, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இந்து நின்றாள். நன்றாகப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. ரைடரின் கை கோட்டைத் தொட்டது.

ஆட்டம் அதோடு போயிற்று. தனியாக மிஞ்சிய இந்துவும் ரைடு போன இடத்தில் பிடிபட்டாள். கோப்பையை மதுரைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா இந்துவைக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். பக்கத்தில் கோச், தோற்றவர் மாதிரியே இல்லாமல், சிரித்துக்கொண்டு நின்றார்.

இந்து குழாயடிக்கு வந்தபோது ரெனிட்டா முழங்கைச் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வேணும்னுதான நின்ன?” என்று நிமிராமலே கேட்டாள்.

“ஆமாட்டி.”

இல்லை என்று சொல்வாள், பிடித்து ஒரு சண்டை போடலாம் என்று ரெனிட்டா இருந்தாள்.

இந்துவே சொன்னாள். “மொதல்ல நீ எனக்காவத் தள்ளி நின்னேல்ல. அந்தம்மா என்னைய மட்டும் பாக்கணும்னுட்டு. எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. அதான், நீ ஒத்தையில புடிக்கதயும் பாக்கட்டும்னு நானும் நின்னேன். எப்பிடியும் புடிச்சிருவன்னு நெனச்சேன்ட்டி.”

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ரெனிட்டா குழாயை மூடவில்லை.

“அவியகிட்டயும் சொல்லிட்டேன்,” என்றாள் இந்து. “நீ எனக்கு விட்டுக்குடுத்தத.”

“என்ன சொன்னாவ?”

“‘விட்டுக்குடுத்தாளா?’ன்னாவ. ஒம்பக்கம் திரும்பிச் செத்த நேரம் பாத்தாவ. பொறவு சிரிச்சாவ.”