பேப்பர் திருடத் தெரிந்த ஆள்

“இன்னொரு தடவை திருடுங்க,” என்றார் பட்டறைக்காரர்.

கைநீளம் அலுத்துக்கொண்டார். காலையிலிருந்து இது பதினெட்டாவது திருட்டு. நூல் கட்டிய நாணயத்தைப் பேப்பர் விற்கும் தகரப் பெட்டியின் துளைக்குள் இறக்கி, ‘டக்’கென்று சத்தம் கேட்டதும் சுண்டி இழுத்தார். வெறும் நூல் மட்டும் வந்தது. பெட்டிக்குள் ஒளிந்திருந்த பிளேடு அதை நறுக்கிவிட்டிருந்தது.

“அடக் கருமமே! என் காசு போச்சு!”

“காசு உள்ள விழுந்துச்சு, பேப்பர் வெளிய வந்துச்சு. இது திருட்டு இல்லை, வியாபாரம்.”

பத்திரிகை ஏஜென்ட் முன்பு தெருமுனைகளில் வைத்த பெட்டிகள் வேறு மாதிரி. ஒரு காசு போட்டால் கதவு திறக்கும், திறந்தவர் உள்ளே இருக்கும் பேப்பர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார். நொந்துபோய் அவற்றை எடுத்துவிட்டு, முனைக்கு ஓர் ஆளை நிறுத்திக் கையில் விற்கச் சொன்னார். பட்டறைக்காரர் செய்திருக்கும் பெட்டியில் கதவே கிடையாது. காசு விழுந்தால் ஓர் உருளை சுற்றி ஒரே ஒரு பேப்பரை வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

பத்து நாளுக்கு முன்னால் சிக்னல் பக்கம் கைநீளத்தின் எதிரே போய் நின்றவர் இவர்தான். “உங்களுக்குப் பேப்பர் திருட நல்லா வருமாமே? மூணு மாசமா உங்களைத்தான் தேடிட்டிருக்கேன்,” என்றார். ஓடுவதா நிற்பதா என்று அந்த மனிதர் முடிவுசெய்வதற்குள் தினக்கூலி பேசி முடித்துவிட்டார். கைநீளம் என்ற பெயரைப் பிறகு பட்டறை ஆட்கள் வைத்தார்கள்.

“என்னைத் தேடி வந்தவங்க எல்லாம் கம்போட வந்திருக்காங்க. சம்பளத்தோட வந்தது நீங்க ஒருத்தர்தான்,” என்று தினம் ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பார் கைநீளம். பட்டறைக்காரர் சிரிக்க மாட்டார். அவருக்குச் சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால்கூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

கைநீளத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேப்பர் கைக்கு வந்ததும் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். கதவு சாத்திய பட்டறைக்குள்ளும் பார்ப்பார்.

“பின்னாடி யார் வரப்போறாங்க?” என்று ஒருநாள் பட்டறைக்காரர் கேட்டார்.

“பழகிப்போச்சுங்க,” என்றார் கைநீளம்.

பதினொரு மணிக்கு ஏஜென்ட் வந்தார். பெட்டியைத் தட்டினார், குலுக்கினார், குனிந்து துளைக்குள் பார்த்தார்.

“ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஆள் ஒரே ஒரு பேப்பரைச் சும்மா உருவிட்டாலும் எனக்கு வேண்டாம். ஏற்கெனவே பட்டது போதும்.”

கைநீளம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். வாங்குகிற கூலிக்கு ஒளிவுமறைவில்லாமல் திருடினார். தகர வில்லை போட்டார், அது கீழ்த்தட்டில் திரும்பி வந்து விழுந்தது. குடைக்கம்பியை விட்டுக் குடைந்தார், பெட்டியைச் சாய்த்து முதுகில் குத்தினார். ஒரு பேப்பர்கூட அசையவில்லை.

“பிரமாதம்யா!” என்று ஏஜென்ட் பட்டறைக்காரரின் தோளைத் தட்டினார். “இருபது பெட்டி செஞ்சு குடுங்க. முதல் பெட்டியை எங்க வைக்கலாம்?”

“சிக்னல்ல. மருந்துக்கடை எதிர்ல.”

ஏஜென்ட்டின் குரல் இறங்கிப்போனது. “உங்க வீட்டம்மா நின்னு பேப்பர் வித்த இடமாச்சே. அவங்க வண்டியில அடிபட்டு இன்னும் வருஷம்கூடத் திரும்பலை. அங்கேயேவா?”

“அங்கேயேதான். இது பாட்டுக்கு நிக்கும். யார் பின்னாடியும் ஓடாது.”

குடைக்கம்பியைத் துளைக்குள் விட்டது விட்டபடி கைநீளம் நின்றுவிட்டார்.

ஏஜென்ட் முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டறைக்காரர் பெட்டியின் பின்தகட்டைக் கழற்றி, தளர்ந்திருந்த ஒரு திருகை முடுக்க ஆரம்பித்தார். அவர் முகம் இருபது பெட்டி விற்றவரின் முகம் மாதிரி இல்லை.

கைநீளம் தன் பையிலிருந்து நூல் கட்டாத ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டார். உருளை சுற்றியது, பேப்பர் வந்தது. இந்தத் தடவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றார்.

“சொல்லுங்க.”

“அந்தம்மா உங்க வீட்டம்மான்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. அன்னிக்கு என் பையில காசு இருந்துச்சு. இருந்தும் பழக்கதோஷத்துல அவங்க கையில இருந்து ஒரு பேப்பரை உருவிட்டு ஓடினேன். ‘நில்லுய்யா, நில்லுய்யா’ன்னு பின்னாடியே ஓடி வந்தாங்க. நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள அந்த வேன்...”

பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பட்டறைக்காரர் அடுத்த திருகுக்குப் போனார்.

“கூலியும் குடுத்து, பக்கத்துல உக்கார வெச்சுச் சோறும் போட்டீங்களே. அந்தப் பாவி நான்தான்னு தெரியாம இப்படிப் பண்ணிட்டீங்களே!”

பட்டறைக்காரர் தலை நிமிரவில்லை.

“தெரியும். பின்ன, மூணு மாசமா நான் யாரைத் தேடினேன்னு நெனச்சீங்க?”