இருபதுக்கு முட்டை

இருபதுக்குப் பூஜ்யம்.

நர்ஸ் திரையை இன்னொரு தரம் பார்த்தாள். கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுகிறதோ என்று தட்டியும் பார்த்தாள். இல்லை, முட்டை முட்டைதான்.

மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது ஜனங்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று அளந்து பார்க்க, ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் டெஸ்ட் அது. இருபது கேள்வி. கேள்விக்கு நாலு பதில். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் சரியானதை விரலால் தொட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வாங்கினால் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்துக்குக் கீழே என்றால் நர்ஸே அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டு வாயால் விளக்க வேண்டும். இதைக் கதவிலேயே பெரிதாக ஒட்டியிருந்தார்கள்.

நேற்று வந்த பெயின்டர் ஒரு கேள்வியைக்கூடப் படிக்காமல், கைபோன போக்கில் தொட்டே ஆறு மார்க் வாங்கிவிட்டுப் போனார். இந்த அம்மா ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் படித்து, முக்கால் மணி நேரம் யோசித்து, இருபதையும் கோட்டைவிட்டிருக்கிறாள்.

நர்ஸுக்குக் கோபம் வந்தது. காரணம், பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் கணவர். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் பூங்காவில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார். யாரோ புண்ணியவான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதால் பிழைத்தார். இன்னொரு தரம் அப்படி விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"வீட்ல மாத்திரை குடுக்கறது யாரு?" என்று டெஸ்டுக்கு முன்பே நர்ஸ் கேட்டிருந்தாள்.

"நான்தாங்க சிஸ்டர்" என்றிருந்தாள் அந்த அம்மா.

மனுஷர் விழாமல் என்ன செய்வார்.

"எவ்வளவு மார்க்?" என்று எட்டிப் பார்த்தார் டைம் கீப்பர். பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"பூஜ்யமா? நான் இத்தனை வருஷமா சொல்றேன், யாரு நம்பறாங்க?"

நர்ஸ் முதல் கேள்வியைப் படித்தாள். "'சாப்பாட்டுக்கு முன்'னு போட்டிருந்தா எப்ப போடணும்? நீங்க தொட்டது, 'முன்னாடி எப்ப வேணும்னாலும்.' அது தப்பும்மா."

"அதுல என்ன தப்பு?" என்றார் கணவர். "ஆறு மணிக்கு மாத்திரை. வாக்கிங் போயிட்டு வந்து பத்து மணிக்குச் சாப்பாடு. ஆறு மணி, பத்து மணிக்கு முன்னாடிதானே?"

"ஆறு மணிக்கேவா குடுக்கறீங்க?" நர்ஸ் அந்த அம்மாவை முறைத்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த மாத்திரையைப் போட்டா அரை மணியில சாப்பிட்டாகணும். இல்லேன்னா சர்க்கரை இறங்கி ஆள் விழுந்துடுவாரு."

டைம் கீப்பர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கேட்டுக்கோ" என்றார் மனைவியிடம். "மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல முப்பது நிமிஷம். நாலு மணி நேரம் லேட்டா வர்ற வண்டியை நான் டிப்போவுக்குள்ள விட்டிருப்பேனா? இதுகூடத் தெரிய வேணாமா உனக்கு?"

அடுத்த கேள்விகளை நர்ஸ் விளக்க விளக்க, அவர் எழுதிக்கொண்டே வந்தார். "எங்கே, திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றால் அந்த அம்மா உளறினாள். அவருக்குப் பொறுக்கவில்லை. முந்திக்கொண்டு ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தார். கடைசியில், "வீட்ல போய் மறுபடி முதல்லேர்ந்து சொல்லித்தரணும், எல்லாம் என் தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, மருந்து வாங்கக் கீழே இறங்கினார்.

நர்ஸ் அந்த அம்மாவை நிறுத்தினாள்.

"தப்பா நினைக்காதீங்க. அவர் உயிர் உங்க கையில இருக்கு. மாத்திரை டப்பாவைத் தொடறதுக்கு முன்னாடி..."

"தொடறதா? இதுவரைக்கும் அதை என் கையில குடுத்ததே இல்லீங்க. எல்லாம் அவரேதான்."

"பின்னே நீங்க குடுக்கறதா ஏன் சொன்னீங்க?"

"நான் ஏதாவது சொன்னா, 'உனக்கென்ன தெரியும்'பாரு. டாக்டர் சொன்னா தலையாட்டிட்டு வந்துடுவாரு. தாள் குடுத்தா மடிச்சுப் பையில வைக்கறதோட சரி. ஆனா எனக்குத் தெரியலைன்னா மட்டும், சொல்லித்தரணுமேன்னு உட்கார்ந்து கத்துக்குவாரு. அதான் கதவுல ஒட்டினதைப் படிச்சதும்..." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம் ரொம்பப் பயந்துட்டேன் சிஸ்டர்."

நர்ஸுக்குச் சட்டென்று நேற்றைய பெயின்டர் ஞாபகத்துக்கு வந்தார். கண்டபடி தொட்டாலே ஆறு விழுகிற டெஸ்ட்.

"அப்போ இருபதும் வேணும்னே தப்பா?"

"அதுதான் கஷ்டமா இருந்தது. சரியானதைக் கண்டுபிடிச்சு, அதைத் தொடாம இருக்கணுமே. ரெண்டு தரம் கை தானா அங்கேயே போச்சு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடுத்த மாசமும் டெஸ்ட் உண்டும்மா."

"அப்ப ஒரு அஞ்சு மார்க் வாங்கிக்கறேன். பாடம் எடுத்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா?"

மாடிப்படியிலிருந்து டைம் கீப்பரின் குரல் கேட்டது. "அங்கே என்ன இன்னும்? மாத்திரை போட்டா எத்தனை நிமிஷத்துல சாப்பாடு, ஞாபகம் இருக்கா?"

"மறந்துட்டேங்க" என்றாள் அந்த அம்மா, படியில் இறங்கிக்கொண்டே. "இன்னொரு தரம் சொல்லுங்களேன்."