மேற்படியார்

"சார், வீட்டைக் காலி பண்ணணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

அந்தப் பெண் காலையில் வந்த ஆணையை எழுத்தரின் மேசைமேல் வைத்தாள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய கணவன் பிணமாகத்தான் மேலே வந்தான். கண்ணீர்கூடக் காயவில்லை, அதற்குள் அவன் வேலைக்காகக் கொடுத்த குடியிருப்பைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

எழுத்தர் தலையை நிமிர்த்தவே இல்லை. "எல்லாம் ஆணையிலேயே இருக்கு. படிங்க."

அலுவலகத்தில் அவருக்கு 'மேற்படியார்' என்று பெயர். வரிக்கு இரண்டு 'மேற்படி' போடாமல் அவருடைய பேனா நகராது.

கூட வந்த அவளுடைய அண்ணன் ஆணையை எடுத்து உரக்கப் படித்தான்.

"'பார்வையில் கண்டுள்ள குறிப்பாணையின்கண், மேற்படி வாரிசுதாரரை மேற்படி குடியிருப்பினின்றும் வெளியேற்றும் பொருட்டு...' யோவ், இது என்ன பாஷை? நானும் பள்ளிக்கூடம் போனவன்தான்!"

"விளக்கம் சொல்றது என் வேலை இல்லை. கிளம்புங்க."

உள்ளறையில் அதிகாரி. அந்த வீட்டைத் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுக்கத் துடித்துக்கொண்டிருப்பவர். திறந்திருந்த கதவு வழியாக அவர் குரல் வந்தது.

"யாருய்யா அங்கே சத்தம் போடறது?"

"தொட்டியில செத்தவரோட சம்சாரம் சார்."

"நான்தான் கையெழுத்துப் போட்டாச்சே! அப்புறம் என்ன பேச்சு? ஆணைப்படி நடக்கச் சொல்லு."

"அப்படியே சொல்லிடறேன் சார்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் முத்தா உதிர்ந்துவிடும் அந்த ஆளுக்கு?

வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே மேற்படியார் வந்து நின்றார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா? பொம்பளை அழறது கண்ணுக்குத் தெரியலையா?"

"கையை எடுப்பா. அங்கே கதவு திறந்திருந்தது, அதான் வாயைத் திறக்கலை." அவளிடம் திரும்பினார். "உங்களை வெளியேத்தி எழுதச் சொல்லித்தான் எனக்கு உத்தரவும்மா. ஆனா சின்னவன் படிப்பை முடிக்கிற வரைக்கும் உங்களை அந்த வீட்டை விட்டு யாரும் அசைக்கக் கூடாதுன்னுதான் ஆணையில இருக்கு. கீழே அவர் கையெழுத்து. பத்திரமா வெச்சுக்குங்க."

அவள் அண்ணன் கையிலிருந்த ஆணையை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அண்ணனுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. "அதைப் புரியற மாதிரி எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"உங்களுக்குப் புரியற மாதிரி எழுதியிருந்தா, கையெழுத்துப் போட்டவருக்கும் புரிஞ்சிருக்குமே!"