அலமாரிக்குள் அம்மிக்குழவி

எடை ஏறாவிட்டால் நர்ஸ் ஜெபக்கனி திட்டுவாள் என்று பயந்து, கர்ப்பச் சோதனைக்குப் போகும் நாட்களில் பேச்சித்தாய் சேலை மடிப்புக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு போனாள். ஐந்தாம் மாதம் ஒரு கூழாங்கல். ஆறாம் மாதம் அரைச் செங்கல். ஏழாம் மாதம், வேறு எதுவும் கைக்கு அகப்படாமல், வீட்டு அம்மிக்குழவி. எடை பார்க்கும் மேடையில் ஏறும்போது அது நழுவி, ஜெபக்கனியின் செருப்புக்குப் பக்கத்தில் தொம்மென்று விழுந்தது.

ஜெபக்கனி குழவியைப் பார்த்தாள். பிறகு பேச்சித்தாயின் அட்டையைப் புரட்டினாள்.

"கல்லு மாசா மாசம் நல்லா வளந்திருக்கு. அதுக்கு என்னத்தம்மா போடுத? அதையே நீயும் கொஞ்சம் சாப்பிடு."

காலையில் ஆறு பேருக்குச் சட்னி அரைத்து எழுவதற்குள் இட்லிச் சட்டி காலியாகிவிடும் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஜெபக்கனி குழவியை மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அடுத்த மாசம் வந்து வாங்கிக்கோ."

வீட்டில் மாமியார் குழவியைத் தேடிக் கோழிக்கூடு வரை போனாள். பேச்சித்தாய் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் கடை இட்லிப் பொடிக்கு இறங்கி வந்தார்கள். அரைக்க வேலையில்லாததால் அவளும் அவர்களோடு உட்கார்ந்து, சூடாகத் தின்றாள்.

எட்டாம் மாதம் வெறும் மடியோடு ஏறினாள். முள் நன்றாகவே நகர்ந்தது. ஜெபக்கனி நம்பாமல் இரண்டு முறை இறக்கி ஏற்றிவிட்டு, அலமாரியைத் திறந்து குழவியை நீட்டினாள்.

பேச்சித்தாய் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அது உள்ளயே கெடக்கட்டும் சிஸ்டர். பிள்ளை பால்குடி மறந்ததும் வாங்கிக்கிடுதேன்."