பதிமூணு வேப்பங்கன்னு

"இன்னாய்யா நாத்தம் இது?"

மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினார் கோதண்டராமன். யூனியன் போர்டு மெம்பர். ரோட்டோர மரமெல்லாம் அவர் பொறுப்பு.

மரக்காவல் சுந்தரமூர்த்தி தோளில் குறுக்கே போட்ட டவாலியைச் சரி பண்ணிக்கொண்டு ஓடி வந்தான். மரக்காவல் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. டவாலி ஒன்று, தடி ஒன்று, திட்டு வாங்க இரண்டு காது.

ரோட்டோரத்து வேப்பங்கன்றுகளில் ஆட்டுத்தோல் துண்டுகள் தொங்கின. காது, வால், கால் முனை. தோல் பதனிடுகிற ஷாப்பில் ஓரம் வெட்டித் தள்ளுவார்களே, அந்தக் கழிசல். மயிரோடு, ஈ மொய்க்க.

"எவனோ கட்டிட்டுப் போறான் ஐயா. நான் சாயங்காலம் அவுத்துப் போட்டா விடியறதுக்குள்ள மறுபடியும் கட்டிடறான்."

"நட்டது நாப்பது. ஆடு தின்னது இருபத்தேழு. மிச்சம் பதிமூணையும் எவனோ நாறடிக்கிறான். நீ இன்னா பண்ற? வேடிக்கை பாக்கறியா?"

"முள்வேலி போட்டோம் ஐயா. எந்த வூட்டு அடுப்புல எரிஞ்சுதோ..."

"கதை வாணாம். தை மாசம் கலெக்டர் துரை வர்றாரு. அதுக்குள்ள ஆளைப் புடி. இல்லன்னா டவாலியக் கழட்டி என் கையில குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு!"

மெம்பர் பார்க்கும்படி முதல் கன்றிலிருந்த துண்டை அவிழ்த்துத் தூர வீசினான் சுந்தரமூர்த்தி. வண்டி போனது. இந்த டவாலி போனால் வீட்டில் அஞ்சு பேர் பட்டினி.

ரோடு நெடுக நடந்து பார்த்தான். ஆடு மேய்ந்த கன்றெல்லாம் வெறும் குச்சி. தோல் கட்டின கன்றெல்லாம் தளதளவென்று நின்றது.

'அடப்பாவி! நல்லா வளர்ற கன்னாப் பார்த்துப் பொறுக்கிக் கட்டறானே! இன்னா வயித்தெரிச்சலோ!'

ஆனால், கெடுக்க வந்தவன் ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லையே? கயிறுகூட இறுக்காமல், தண்டு அறுபடாமல் பதமாகக் கட்டியிருக்கிறானே? சுந்தரமூர்த்திக்கு மண்டை காய்ந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தான். விழவில்லை.

அந்த எரிச்சலோடு வளைவில் இருக்கிற பெரிய புளியமரத்துக்கு வந்தால், தோல் ஷாப்பில் வேலை செய்கிற பெண்கள் நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்திருங்க, எழுந்திருங்க! நாலு பெரிய மனுஷங்க ஒக்கார்ற எடம். தோல் நாத்தத்த இங்க கொண்டாந்து வெக்கிறீங்களே!"

தடியைத் தரையில் தட்டினான். தினமும் செய்கிற வேலைதான். பெண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் நிதானமாக மிச்சக் கூழைக் குடித்துவிட்டு, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் விடியற்காலை. ரோட்டுக்கு அடியில் ஓடுகிற வாய்க்கால் மோரிக்குள் பதுங்கிக் கிடந்தான் சுந்தரமூர்த்தி. ஷாப்பு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். ஒரு பெண். மடியிலிருந்து தோல் துண்டை எடுத்தாள். கன்றின் பக்கத்தில் குந்தினாள்.

"மாட்டினியா!"

பாய்ந்து போய் வழியை மறித்தான். நேற்று கடைசியாக எழுந்து போனாளே, அவளேதான்!

"பேரு இன்னா?"

"பட்டம்மா."

"நட, மெம்பர் வூட்டுக்கு. கேசு போட்டு உள்ள தள்ளினாத்தான் புத்தி வரும். ஊர் மரத்த ஏன் நாறடிக்கிற?"

"நாறடிச்சாத்தான்யா அது நிக்குது."

"இன்னா ஒளர்ற?"

"ஆட்டுத்தோல் நாத்தம் அடிச்சா ஆடு கிட்ட வராது. கட்டாத கன்னு ஒண்ணு மிச்சம் இருக்குதா, நீங்களே சொல்லுங்க. அதோ, நேத்து அவுத்து வீசினீங்களே, அதப் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தான். நேற்று தளதளவென்று நின்ற முதல் கன்று மொட்டைக் குச்சியாக நின்றது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை.

சுந்தரமூர்த்தி திரும்பி வந்தான். காவல் காக்கிறேன் என்று ஆட்டுக்குப் பந்தி விரித்தது தான்தானா? அவமானமாக இருந்தது.

"எத்தினி நாளா கட்டற?"

"நட்ட மறுமாசத்துலேருந்து. ஷாப்புல கெடைக்கிற கழிசலுக்குப் பதிமூணுதான் முடிஞ்சுது. நாப்பதுக்கும் கட்ட எனக்கு ஆசை இல்லையா?"

"கூலி இல்ல. யாரும் சொல்லல. மாட்டினா ஜெயிலு. அப்புறம் இன்னாத்துக்கு?"

அவள் துண்டைக் கட்ட ஆரம்பித்தாள். பளிச்சென்று அவனுக்கு ஒன்று தோன்றியது.

"என் வேலை போய்டக் கூடாதுன்னா, பட்டம்மா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா இருக்குதே! ஒங்க வேலைக்கும் எனக்கும் இன்னாய்யா?"

முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தாள். வளைவில் நிற்கிற பெரிய புளியமரத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கால் உயரக் கன்றைப் பார்த்தாள்.

"இது நெழல் குடுக்கப் பத்து வருஷமாவது ஆவும். ஆவட்டும். சின்னதுலேருந்து தோல் நாத்தத்துலயே வளர்ந்த மரம். அதுங்கீழ ஒக்காந்தா, நாறுதுன்னு எங்கள எழுப்பி உட மாட்டீங்கல்ல?"