கடலைப் பார்த்த ரூம்

"அந்த ஹோட்டல் மட்டும் வேண்டாம்" என்றாள் மனைவி, மூன்றாவது முறையாக.

தலைவருக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. பஸ் டிப்போவில் முப்பது வருடம் தொழிற்சங்கம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். வீட்டில் மட்டும் அவர் கொண்டுவரும் தீர்மானம் எதுவும் நிறைவேறாது.

"ஏன் வேண்டாம்? காரணத்தைச் சொல்லு."

"வேண்டாம்னா வேண்டாம். ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன லாட்ஜ் இருக்கு. நமக்கு அது போதும்."

"லாட்ஜா! ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. அதைப் பார்க்கவா கப்பல் ஏறிப் போறோம்?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் குடும்பமாகப் போகும் முதல் பயணம். தீவு நகரம், நாலு நாள். மழைக்காலம் என்பதால் கப்பல் டிக்கெட் மலிவு. சுற்றிப் பார்க்க டவுன் பஸ். மகள்தான் ஒரு மாதமாகப் போனும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்தாள். கடைசியில் சிக்கியது அந்த ஹோட்டல். கடலைப் பார்த்த ரூம், பாதி விலை!

முதலில் மகளும் துள்ளத்தான் செய்தாள். அம்மாக்காரி போனை வாங்கி, அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள் போட்டிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு இருவரும் சமையலறைக்குள் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். வெளியே வந்தபோது மகள் கட்சி மாறியிருந்தாள்.

"பாப்பா, நீ இப்ப எந்தப் பக்கம்?"

"அம்மா பக்கம்ப்பா."

தலைவர் மனதில் இருந்தது வேறு. இருபத்திரண்டு வருடமாக மனைவி ஒரு ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறாள். தினம் பதினாறு ரூம். அத்தனை படுக்கை விரித்தவள் ஒன்றில்கூடப் படுத்ததில்லை. ஒரே ஒரு தடவையாவது, யாரோ விரித்த படுக்கையில் அவள் கடலைப் பார்த்தபடி கால் நீட்டிப் படுக்க வேண்டும்.

இதைச் சொல்ல அவருக்கு வெட்கம். மேடையில் அருவியாகக் கொட்டும் வாய் வீட்டில் வேறு மாதிரி பேசியது.

"நல்லதைக் கேட்டு வாங்குற தைரியமே உனக்குக் கிடையாது. எத்தனை போராட்டம் நடத்தினேன்! ஒரு நாள் வந்து பேனரோட ஒரு முனையைப் பிடிச்சிருப்பியா?"

"பிடிக்கலதான். நீங்க பேனர் பிடிச்ச அன்னிக்கெல்லாம் இந்த வீட்டுலேருந்து யாராவது வேலைக்குப் போக வேண்டியிருந்துச்சே" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

தலைவர் ஹோட்டல் நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவளும் மகளும் வேலைக்குக் கிளம்பியதும், தானே ஹோட்டலுக்குப் போன் போட்டார். சாயங்காலம் மகள் வந்து, மனைவியும் வாசலில் கால் வைத்ததும் அறிவித்தார்.

"கடலைப் பார்த்த ரூம். என் பேருல பதிவு பண்ணியாச்சு! என்ன மரியாதையாப் பேசுறாங்க தெரியுமா? துறைமுகத்துக்கே வண்டி வருமாம். பின்வாசல் வழியா நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். நமக்கு ஒரு தொந்தரவும் இருக்காதாம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எதுக்குப் பின்வாசல்னு கேட்டீங்களா?"

"அது வந்து…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார்.

முப்பது வருடம் முன்வாசலில் நின்ற மனிதர். வேலைநிறுத்த நாட்களில் பின்வாசல் வழியாக யார் யார் வேலைக்குப் போனார்கள் என்று இன்றைக்கும் பெயர் பெயராகச் சொல்லக்கூடியவர்.

மனைவி மகளின் போனை வாங்கிப் படத்தைக் காட்டினாள். "ரெண்டு மாசத்துக்கு முந்தின படம் இது. விரிப்போட மூலை கத்தி மாதிரி மடிஞ்சிருக்கா? இது போன வாரம். சும்மா உள்ள திணிச்சிருக்கு. தலையணை உறையோட வாய் கதவைப் பார்த்துத் திறந்து கிடக்கு. தொழில் தெரிஞ்சவ எவளும் இப்படிப் போட மாட்டா. ஒரு ரூம்னா ஒருத்தி லீவுன்னு வெச்சுக்கலாம். எல்லா ரூமும் இப்படின்னா?"

"ஸ்ட்ரைக் ஆரம்பிச்சு இருபத்திமூணு நாளாச்சுப்பா" என்றாள் மகள். "நான் தேடிப் பார்த்தேன். சுத்தம் பண்றவங்க ஒவ்வொருத்தரும் தினம் இருபத்தோரு ரூம் பண்ணணும்னு முதலாளி சொல்லியிருக்காரு. எல்லாரும் வாசல்ல வந்து உட்கார்ந்துட்டாங்க. அதான் பாதி விலை."

தலைவரின் குரல் இறங்கிவிட்டது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நாலு நாளும் அந்த வாசல்லயே மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுவீங்க. கடலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க. ஒரு தடவையாவது நீங்க சும்மா உட்காரணும்னு ஆசைப்பட்டேன்" என்றாள் மனைவி.

தலைவர் போனை எடுத்தார். "என் பதிவை ரத்து பண்ணுங்க… காரணமா? உங்க முன்வாசல்ல போய்க் கேளுங்க."

லாட்ஜில் ரூம் போட்டாயிற்று. கிளம்புகிற அன்று பையை மூட உட்கார்ந்தவர் கையில், துணிகளுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. மடித்து வைத்த ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதற்குள் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு பிரஷ்ஷும்.

"ஏம்மா, லாட்ஜ்ல விரிப்புத் தர மாட்டாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தருவாங்க. மூணு நாள் கடல், ஒரு நாள் அந்த வாசல்." அவள் பையை வாங்கி ஜிப்பை இழுத்து மூடினாள். "நீங்க எழுதுங்க. ஒரு முனையை நான் பிடிச்சுக்கறேன்."